பிளேட்லெட் கழுவுவது எப்படி? ரத்த மையத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கான செய்முறை

ஒரு பை பிளேட்லெட்டில் நோயாளிக்கு வேண்டியது பிளேட்லெட் மட்டும்தான். அது மிதந்துகொண்டிருக்கும் 200, 250 மி.லி. திரவமும் கொடையாளரின் பிளாஸ்மா. பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்தப் பிளாஸ்மாவால் ஒரு கெடுதலும் வராது. ஆனால் சிலருக்கு அதிலுள்ள ஏதோ ஒரு புரதம் ஒத்துக்கொள்வதில்லை. உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், சில நேரம் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. இவர்களுக்காகப் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, வேறொரு திரவத்தில் பிளேட்லெட்டை மிதக்கவிட்டுத் தருவதுதான் கழுவுதல்.

சொல்ல எளிது. சிவப்பணுவைக் கழுவிப் பழகிய கைக்குக்கூட இது புதிய வேலைதான். சிவப்பணு அடிவாங்கினாலும் தாங்கும். பிளேட்லெட்டோ தொட்டாலே விழித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ரத்தத்தை உறையவைப்பதே அதன் வேலை. அது விழிக்காதபடி பிளாஸ்மாவைப் பிரித்தெடுப்பதில்தான் நம் திறமை இருக்கிறது. பையைச் சுழற்றிப் பிளேட்லெட்டை அடியில் படியவைத்து, மேலே நிற்கும் பிளாஸ்மாவை எடுப்போம். ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் கொஞ்சம் பிளேட்லெட் வீணாகும். மிஞ்சியதும் சற்றுக் களைத்துப்போகும். ஆகவே எதற்காகக் கழுவுகிறோம் என்பது தெரியாமல் பையைக் கையில் எடுக்கக் கூடாது. எத்தனை முறை கழுவுவது, எந்தத் திரவத்தில் மிதக்கவிடுவது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது எல்லாமே அந்தக் காரணத்தைப் பொறுத்தவை.

யாருக்குக் கழுவுவது

பிளேட்லெட் ஏற்றும்போதெல்லாம் கடுமையான ஒவ்வாமை வருகிறவர்களும், ஒரே ஒருமுறையானாலும் அனாபைலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி) வந்தவர்களும் முதல் வரிசையில் வருவார்கள். அடுத்து, ரத்தத்தில் இயல்பாக இருக்க வேண்டிய ஐ.ஜி.ஏ. என்ற புரதம் அறவே இல்லாமல், அதற்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உள்ளவர்கள். ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் ஹாப்டோகுளோபின் என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் உடம்பில் அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகியிருந்தால், சாதாரணப் பிளேட்லெட் பை ஒன்றே அவர்களை அதிர்ச்சி நிலைக்குத் தள்ளிவிடும்.

பச்சிளங்குழந்தைகள் தனி வகை. தாயின் உடம்பு குழந்தையின் பிளேட்லெட்டை அந்நியமாகக் கருதி ஆன்டிபாடி உருவாக்கிவிடும் நிலை ஒன்று உண்டு. ஐரோப்பியரிடையே இதற்கு முதன்மைக் காரணம் எச்.பி.ஏ.-1ஏ என்ற ஆன்டிஜென், அதாவது பிளேட்லெட்டின் மேலுள்ள ஓர் அடையாளம். அங்கே ஏறக்குறைய 2% பேரிடம் அது இருப்பதில்லை. அது இல்லாத கொடையாளர் கிடைக்காதபோது தாயின் பிளேட்லெட்டையே எடுத்துக் குழந்தைக்கு ஏற்றலாம். அந்த ஆன்டிஜென் தாயிடம் இல்லை என்பதால் அது அழியாது. ஆனால் தாயின் பிளாஸ்மா முழுக்க அதே ஆன்டிபாடி நிறைந்திருக்கும். அதைக் கழுவாமல் ஏற்றினால், எந்த நஞ்சு குழந்தையின் பிளேட்லெட்டை அழித்ததோ அதையே மறுபடி ஊட்டியதாகும். ரத்த உறவு என்பதால், தாயின் வெள்ளணுக்கள் குழந்தையைத் தாக்காதிருக்கப் பைக்குக் கதிர்வீச்சு கொடுப்பதும் கட்டாயம். குழந்தைக்கு ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்கக் கூடாது. கையிலிருக்கும் சாதாரணப் பிளேட்லெட்டை உடனே ஏற்றிவிட்டு, பொருத்தமானதைப் பிறகு தயாரிக்கலாம்.

வேறு குரூப் பிளேட்லெட் தர நேரும்போது, அதன் பிளாஸ்மாவிலுள்ள ஆன்டி-ஏ, ஆன்டி-பி ஆன்டிபாடிகளின் அளவு அதிகமாக இருந்தாலும் கழுவுவது உண்டு. முக்கியமாகச் சிறு குழந்தைகளுக்கு.

எவருக்கு வேண்டாம் என்பதும் தெரிய வேண்டும். ஒரே ஒரு முறை நாலைந்து தடிப்பு வந்து, ஒவ்வாமை மாத்திரையில் அடங்கியவருக்குக் கழுவிய பை தேவையில்லை. பிளேட்லெட் எண்ணிக்கை ஏறவில்லை என்பதற்காகவும் கழுவக் கூடாது. கழுவினால் எண்ணிக்கை இன்னும் குறையத்தான் செய்யும். டெங்கு காலத்தில் 'சுத்தமான பிளேட்லெட்' வேண்டும் என்று உறவினர்கள் கேட்பதுண்டு. கழுவாத பை அழுக்கான பை அல்ல என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

கழுவுவதற்கு ஒருபடி முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. சேகரிக்கும்போதே பிளாஸ்மாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை நீக்கி, அந்த இடத்தில் பிளேட்லெட் சேமிப்புத் திரவம் சேர்த்த பைகள். உங்கள் மையத்தில் இவை இருந்தால், லேசான ஒவ்வாமை அடிக்கடி வருகிறவருக்கு முதலில் இதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு இதுவே போதும். பிளேட்லெட்டும் வீணாகாது.

கழுவுவதால் தீராதவை சில உண்டு. வெள்ளணுக்கள் நீங்காது, அதற்கு வடிகட்டி வேண்டும். கொடையாளரின் டி-செல்கள் (ஒருவகை வெள்ளணு) நோயாளியைத் தாக்கும் ஆபத்து போகாது. அதற்கு 25 கிரே கதிர்வீச்சு வேண்டும். பையில் கிருமி இருந்தால் அதுவும் போகாது. திறந்த முறையில், அதாவது பையின் உட்புறம் வெளிக்காற்றுக்குத் திறக்கும்படி, கழுவும்போது புதிதாகக் கிருமி நுழையவும்கூடும்.

எத்தனை முறை: கணக்கு போட்டுப் பார்ப்போம்

'ரெண்டு வாஷ் போட்டுடுங்க' என்று வாய்வழக்கில் சொல்வார்கள். அதன் பொருள் கணக்கில்தான் விளங்கும்.

250 மி.லி. பை ஒன்றில் லிட்டருக்கு 60 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால், பையில் மொத்தம் 15 கிராம் புரதம். 25 மி.லி. ஏ.சி.டி.-ஏ (சிட்ரேட்டும் குளுக்கோஸும் உள்ள, உறைதலைத் தடுக்கும் திரவம்) சேர்க்கிறோம், மொத்தம் 275 மி.லி. சுழற்றி, மேல்திரவத்தை வெளியேற்றி, அடியில் 15 மி.லி. விடுகிறோம். எஞ்சும் புரதம் 0.82 கிராம். அதாவது 94.5% போய்விட்டது. இதில் 200 மி.லி. திரவம் சேர்த்து, மறுபடி சுழற்றி, மறுபடியும் 15 மி.லி. விட்டால் எஞ்சுவது 0.057 கிராம், 99.6% போய்விட்டது.

அடியில் விடும் அளவு இங்கே எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று பாருங்கள். 15 மி.லி.க்குப் பதிலாக, பிளேட்லெட் வீணாகக் கூடாதே என்று 40 மி.லி. விட்டால், முதல் சுழற்சியில் 2.18 கிராம் புரதம் தங்கிவிடும். மொத்தத்தில் 85% நீங்கியிருக்கும், அவ்வளவுதான். கழுவியும் ஒவ்வாமை வருகிறது என்று வார்டிலிருந்து போன் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

சாதாரண ஒவ்வாமைக்கு இரண்டு சுழற்சி தாராளம். ஐ.ஜி.ஏ. இல்லாத நோயாளிக்கு மட்டும் கணக்கு வேறு. ஐ.ஜி.ஏ. இல்லாத ரத்தக்கூறு என்று சொல்ல, அதன் அளவு டெசிலிட்டருக்கு 0.05 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும். கொடையாளரின் பிளாஸ்மாவில் 200 மி.கி. இருந்தால், மேலே சொன்னபடி இரண்டு சுழற்சி முடிந்தபின்னும் 0.9 மி.கி. அளவில் இருக்கும். மூன்றாவது சுழற்சிக்குப் பிறகும் 0.06. நான்காவதில்தான் எல்லைக்குக் கீழே போகும். நான்கு முறை சுழற்றிய பையில் எவ்வளவு பிளேட்லெட் நல்ல நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். அதனால்தான் இத்தகைய நோயாளிக்கு, ஐ.ஜி.ஏ. இல்லாத கொடையாளரைத் தேடுவதே சிறந்த வழி என்கிறோம். கழுவுதல் அதற்கு அடுத்த இடத்தில்தான்.

எந்தத் திரவம்

நம்மூர் மையங்களில் கைக்கு எட்டுவது 0.9% சலைன். தனிச் சலைனில் கழுவக் கூடாது. உறையாமல் காக்கும் சிட்ரேட் பிளாஸ்மாவோடு போய்விடுவதால் பிளேட்லெட் கட்டிதட்டும். ஏ.சி.டி.-ஏ கலந்த சலைன்தான் பயன்படுத்த வேண்டும். கலக்கும் அளவு உங்கள் மையத்தின் எஸ்.ஓ.பி.யில் (எழுதிவைத்த நிலையான செயல்முறை) சோதித்து உறுதிசெய்யப்பட்டதாக இருக்கட்டும். சலைனில் பிளேட்லெட்டுக்கு உணவும் இல்லை, அமிலத்தைத் தாங்கும் பஃபரும் இல்லை. ஆகவே அதில் மிதக்கும் பிளேட்லெட் சீக்கிரம் வலுவிழக்கும்.

எஸ்.எஸ்.பி.+, இன்டர்சால் போன்ற ஆயத்தச் சேமிப்புத் திரவங்களில் அசிட்டேட்டும் பாஸ்பேட்டும் இருப்பதால் பி.எச். நிலையாக நிற்கும். எஸ்.எஸ்.பி.+ திரவத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் கூடுதலாக உண்டு. பிளேட்லெட் விழிக்காமல் இருக்க இவை உதவுகின்றன. ஆனால் இவற்றில் குளுக்கோஸ் இல்லை. பிளாஸ்மாவை முற்றாக நீக்கிவிட்டால், இவற்றிலும் பிளேட்லெட் நெடுநேரம் தாங்காது.

ஜப்பானில் இந்தக் குறையை நேர்த்தியாகத் தீர்த்திருக்கிறார்கள். மருத்துவமனையில் கிடைக்கும் பைகார்பனேட் ரிங்கர் திரவம் 500 மி.லி.யோடு 25 மி.லி. ஏ.சி.டி.-ஏ சேர்க்கிறார்கள். பைகார்பனேட் அமிலத்தைத் தாங்கிக்கொள்கிறது, ஏ.சி.டி.-ஏ குளுக்கோஸும் தருகிறது, ரிங்கரிலுள்ள கால்சியத்தையும் கட்டிப்போடுகிறது. ஜப்பானிய செஞ்சிலுவைச் சங்கம் 2016 முதல் கழுவிய பிளேட்லெட்டை ஆயத்தப் பொருளாகவே மருத்துவமனைகளுக்கு வழங்கிவருகிறது. தயாரித்ததிலிருந்து 48 மணி நேரம் வரை அதைப் பயன்படுத்தலாம். மூலப் பையின் காலாவதியை மட்டும் தாண்டக் கூடாது.

ரிங்கர் லாக்டேட்டை ஏ.சி.டி.-ஏ இல்லாமல் பையில் விடாதீர்கள். அதிலுள்ள கால்சியம் எஞ்சிய பிளாஸ்மாவை உறையவைத்துவிடும். 5% டெக்ஸ்ட்ரோஸ் அறவே கூடாது.

தொடங்கும் முன்

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். பை திறந்த முறையில் கழுவப்பட்டால், திறந்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு ஏறி முடிந்திருக்க வேண்டும். கழுவவே இரண்டு மணி நேரம் ஆகும். வார்டில் பிளேட்லெட் ஏற்ற ரத்தக்குழாயில் ஊசி போட்டிருக்கிறார்களா, ஒவ்வாமைக்கு முன்மருந்து கொடுத்தாயிற்றா, மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே தொடங்குங்கள். கழுவி முடித்த பையை ஃபிரிட்ஜில் வைத்துக் காத்திருக்க முடியாது.

பையைத் தேர்ந்தெடுக்கும்போது இளம்பையை எடுங்கள். எடுத்து இரண்டு நாளுக்குள் ஆனது நல்லது. அஃபெரிசிஸில் (கருவி வழியே பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுக்கும் முறை) எடுத்த ஒற்றைக் கொடையாளர் பையே வசதி. ஒரே பையில் 3 × 10¹¹ பிளேட்லெட் இருக்கும். நாலைந்து ஆர்.டி.பி.யை (சாதாரண ரத்தக்கொடைப் பையிலிருந்து பிரித்த பிளேட்லெட்) ஒன்றுசேர்த்துக் கழுவினால் சிவப்பணுக் கலப்பும் கூடும், கட்டிதட்டுவதும் கூடும். பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல அசைத்தால் உள்ளே பட்டுத்துணி பளபளப்பது போல அலையலையாக ஒளி நெளிய வேண்டும். இதைத்தான் ஸ்விர்லிங் என்கிறோம். பிளேட்லெட் தட்டு வடிவில் நல்ல நிலையில் இருந்தால்தான் இது தெரியும். ஸ்விர்லிங் இல்லாத பையைக் கழுவி எந்தப் பயனும் இல்லை.

வேண்டியவை: சென்ட்ரிஃபியூஜ் (சுழற்றும் கருவி), பிளாஸ்மா எக்ஸ்பிரஸர் (பையை அழுத்தி மேல்திரவத்தை வெளியேற்றுவது), ஸ்டெரைல் கனெக்டிங் டிவைஸ் (கிருமி நுழையாமல் டியூப்களை இணைப்பது), டியூப் சீலர், தராசு, அஜிடேட்டர் (பையை மெல்ல ஆட்டிக்கொண்டிருப்பது), 600 மி.லி. கழிவுப் பை, ஏ.சி.டி.-ஏ, கழுவும் திரவம். ஸ்டெரைல் கனெக்டிங் டிவைஸ் இல்லையென்றால் லேமினார் ஃப்ளோ கேபினெட்டுக்குள் (வடிகட்டிய காற்று ஓடும் பெட்டி)தான் வேலை. அப்போது அது திறந்த முறை ஆகிவிடும்.

இப்போது புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம். காலையில் எஃப்.எஃப்.பி. (உறையவைத்துச் சேமிக்கும் பிளாஸ்மா) பிரிக்க சென்ட்ரிஃபியூஜை 4 டிகிரியில் ஓட்டியிருப்பார்கள். திரையில் 22 என்று மாற்றியதும் காற்று சூடாகிவிடும். ஆனால் ரோட்டரும் கப்புகளும் உலோகம். அவை இன்னும் சில்லென்றுதான் இருக்கும். குளிர்பட்ட பிளேட்லெட் தட்டு வடிவத்தை இழந்து உருண்டையாகும். அதன் மேற்பரப்புப் புரதங்கள் கொத்தாகச் சேரும். நோயாளியின் கல்லீரல் அதைப் பிடித்து அகற்றிவிடும். கணக்கில் எண்ணிக்கை சரியாக இருக்கும், நோயாளிக்கு ஏறாது. ஆகவே கப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெறும் கப்போடு ஒருமுறை ஓட்டிச் சூடாக்குங்கள். கழுவும் திரவத்தையும் முதல் நாள் இரவே 20–24 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிடுங்கள்.

செய்முறை

1. பையின் எண், குரூப், காலாவதி, நோயாளியின் பெயர், விண்ணப்பம் எல்லாவற்றையும் இருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பையை எடைபோடுங்கள். வெறும் பை எடையைக் கழித்து 1.03 ஆல் வகுத்தால் மி.லி. கிடைக்கும்.

2. டியூபை மூன்று நான்கு முறை உருவிவிட்டு, கழுவுவதற்கு முந்தைய மாதிரியை எடுங்கள். உருவாமல் எடுத்தால், டியூபில் தேங்கிய பழைய திரவத்தைத்தான் எண்ணுவீர்கள். பிளேட்லெட் எண்ணிக்கை கருவியின் அளவெல்லையைத் தாண்டும் என்பதால் சலைனில் நீர்த்து எண்ணி, திரும்பப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

3. பையின் அளவில் பத்தில் ஒரு பங்கு ஏ.சி.டி.-ஏ சேருங்கள், 250 மி.லி.க்கு 25. ஒரேயடியாக ஊற்றாமல், பையை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலந்தபடி சேர்க்க வேண்டும். இது பி.எச்.சை ஏறக்குறைய 6.5-க்கு இறக்குகிறது. அந்த நிலையில், அடியில் நெருக்கி அழுத்தப்பட்டாலும் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டாது. இந்தப் படியை விட்டுவிட்டால் பின்னால் வரும் எதுவும் சரியாக வராது.

4. கழிவுப் பையை இணையுங்கள். பையின் மூலைகள் மடியாமல், நேராக நிற்கும்படி கப்பில் வையுங்கள். மடிப்பில் சேரும் பிளேட்லெட் திரும்ப வராது. எதிரெதிர்க் கப்புகளைத் தராசில் நிறுத்துச் சமப்படுத்துங்கள்.

5. சுழற்றுங்கள். சுழற்றும் விசை புவியீர்ப்பைப் போல் எத்தனை மடங்கு என்பதுதான் ஜி. பயன்பாட்டில் இருக்கும் அமைப்புகள்: 580 ஜி-யில் 20 நிமிடம், அல்லது 2,000 ஜி-யில் 10 நிமிடம். 5,000 ஜி-யில் 6 நிமிடம் என்றும் உண்டு. பைக்கும் பிளேட்லெட்டுக்கும் அழுத்தம் அதிகம் என்பதால் புதியவர்களுக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பிரேக்கைக் குறைந்த நிலையில் வையுங்கள். சட்டென நின்றால் படிவு கலைந்துவிடும்.

6. பையை அசைக்காமல் எக்ஸ்பிரஸருக்கு மாற்றி, மேல்திரவத்தை மெதுவாகக் கழிவுப் பைக்கு அனுப்புங்கள். கண்ணை எடுக்காதீர்கள். படிவின் மேலிருந்து வெண்ணிற இழை ஒன்று எழுந்து வாயை நோக்கி வரத் தொடங்கினால் உடனே கிளாம்ப் போடுங்கள். 15 மி.லி. மீதம் இருக்க வேண்டும். கழிவுப் பையைத் தராசிலேயே வைத்துக்கொண்டால் யூகம் தேவைப்படாது.

7. கழுவும் திரவம் 200 மி.லி.யைப் பையின் சுவரோடு வழியவிடுங்கள். படிவின் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம்.

8. பையை அப்படியே அறை வெப்பத்தில் விட்டுவிடுங்கள். 580 ஜி-யில் சுழற்றியதற்கு 20 நிமிடம், 2,000 ஜி என்றால் ஒரு மணி நேரம். பிறகு விரல் நுனியால் மெல்ல உருட்டிக் கலக்குங்கள்.

9. 5 முதல் 8 வரை இன்னொரு முறை.

10. அஜிடேட்டரில் வையுங்கள். அரை மணி கழித்துக் கட்டி இருக்கிறதா, ஸ்விர்லிங் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கழுவியதற்குப் பிந்தைய மாதிரியை எடுத்து, சீல்செய்து, லேபிள் ஒட்டுங்கள்.

எட்டாவது படியைப் பற்றி இன்னும் கொஞ்சம். பொறுமை இழந்து பிசைவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. சுழற்சி முடிந்ததும் பிளேட்லெட் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கும். விட்டுவிட்டால் தானாகவே தளரும். தளரும் முன் அழுத்திப் பிசைந்தால் அந்த ஒட்டு நிரந்தரமாகிவிடும். மெதுவான சுழற்சிக்கும் வேகமான சுழற்சிக்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். 2,000 ஜி-யில் 10 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்று தோன்றும். ஓய்வையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு 70 நிமிடம். 580 ஜி-யில் 40 நிமிடம்தான். இரண்டு சுற்றுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அதற்கு ஈடாக, 580-இல் படிவு தளர்வாக இருக்கும். எக்ஸ்பிரஸரில் கை நிதானம் இன்னும் அதிகம் வேண்டும். 4 மணி நேரக் கெடு உள்ள சலைன் பைக்கு 580-ஐயே நாங்கள் விரும்புகிறோம்.

எஸ்.ஓ.பி.யில் ஜி என்று இருக்கும். உங்கள் கருவி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்கும். இரண்டும் ஒன்றல்ல. ஜி = 0.00001118 × ஆரம் × சுற்று × சுற்று, ஆரத்தை செ.மீ.யில் எடுக்க வேண்டும். 25 செ.மீ. ஆரமுள்ள கருவியில் 2,000 ஜி என்பது ஏறக்குறைய 2,675 சுற்று. 580 ஜி என்பது 1,440 சுற்று. 17 செ.மீ. ஆரமுள்ள சிறிய கருவியில் அதே 2,000 ஜி-க்கு 3,240-க்கு மேல் வேண்டும். வேறு மையத்தின் சுற்று எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு வராதீர்கள்.

தானியங்கிக் கருவி உள்ள மையங்களில் இந்தக் கைவேலை பெரும்பாலும் குறையும். கோப் 2991, ஏ.சி.பி. 215 போன்றவை சுழற்றியபடியே திரவத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்கும். செலவு அதிகம். வெப்பநிலை, ஏ.சி.டி.-ஏ, ஓய்வு ஆகிய மூன்றும் அங்கேயும் நம் பொறுப்புதான்.

சரியாக வந்திருக்கிறதா

முன்பு 250 மி.லி., மைக்ரோ லிட்டருக்கு 13 லட்சம், மொத்தம் 3.25 × 10¹¹. கழுவியபின் 200 மி.லி., 13.5 லட்சம், மொத்தம் 2.7 × 10¹¹. மீட்பு 83%. இது நல்ல வேலை. கையால் கழுவும்போது மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகலாம் என்பதை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். எதிர்பார்த்த அளவு எண்ணிக்கை ஏறாவிட்டால் அவர் வேறு காரணம் தேடி அலையக் கூடாது. எச்.எல்.ஏ. (திசு அடையாளம்) பொருத்திக் கஷ்டப்பட்டுத் தேடிய பை என்றால், கழுவும் முன் இந்த இழப்பை அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

மேல்திரவத்தின் புரதத்தை அளக்க, சீரத்துக்கான பையூரட் முறையைக் கேட்காதீர்கள். நம் கணக்குப்படி எஞ்சுவது டெசிலிட்டருக்கு 26 மி.கி. அளவு, பையூரட்டுக்கு அது தெரியவே தெரியாது. சிறுநீர், மூளைத் தண்டுவடத் திரவம் ஆகியவற்றின் புரதத்தை அளக்கும் முறையில் போடச் சொல்லுங்கள். புதிய முறையை உறுதிசெய்யும்போது இந்த எண்ணும், மீட்பும், பி.எச்.சும், கல்ச்சரும் (கிருமி வளர்கிறதா என்ற சோதனை) சேர்ந்தே இருக்க வேண்டும்.

கோளாறுகள் பெரும்பாலும் நாலைந்து வகைதான். கட்டி கரையவில்லை: ஏ.சி.டி.-ஏ குறைவு, குளிர்ந்த கப், ஓய்வு போதாமை ஆகியவற்றில் ஒன்று. அஜிடேட்டரில் ஒரு மணி நேரம் வைத்தும் கட்டி நிற்குமானால் அந்தப் பையை வழங்கக் கூடாது. ரத்தம் ஏற்றும் செட்டிலுள்ள வடிகட்டி பிடித்துக்கொள்ளும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். மீட்பு குறைந்து கழிவுப் பை கலங்கலாக இருந்தால் எக்ஸ்பிரஸரில் அவசரப்பட்டிருக்கிறீர்கள், அல்லது பிரேக் அதிகம். கழிவு தெளிவாக இருந்தும் மீட்பு குறைந்தால், பிளேட்லெட் பையின் மடிப்பிலோ கட்டியிலோ மாட்டியிருக்கும். ஸ்விர்லிங் திரும்பவே இல்லையென்றால் பி.எச். பாருங்கள். அடியில் சிவப்பாகப் பொட்டு தெரிந்தால், அது சிவப்பணுக் கலப்பு. குரூப் பொருத்தத்தை மறுபடி சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள்.

லேபிளும் வார்டும்

பழைய லேபிளின் காலாவதி இனி செல்லாது. 'கழுவிய பிளேட்லெட்', எந்தத் திரவத்தில், எத்தனை மி.லி., கழுவிய நேரம், காலாவதியாகும் நேரம் என்று புதிய லேபிள் வேண்டும். தேதி மட்டும் போதாது. மணியும் நிமிடமும் எழுத வேண்டும். மூலப் பையின் எண் அப்படியே தொடர வேண்டும். கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். வழங்கும்வரை 20–24 டிகிரியில் அஜிடேட்டரில் இருக்கட்டும்.

வார்டுக்குச் சொல்ல வேண்டியது: வழக்கமான ரத்தம் ஏற்றும் செட்டிலேயே ஏற்றலாம், முதல் 15 நிமிடம் மெதுவாக, அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில். பச்சிளங்குழந்தைக்கு எடைக் கிலோவுக்கு 10–15 மி.லி. கணக்கு என்பதால், அந்தப் பையைச் சிறிய பகுதிகளாகப் பிரித்துத் தர வேண்டியிருக்கும். விண்ணப்பத்திலேயே கேட்டு வைத்துக்கொண்டால் கழுவி முடித்தபின் திணற வேண்டாம்.

கழுவிய பைக்கும் ஒவ்வாமை வந்தால், ஏற்றுவதை நிறுத்தி, பையைச் செட்டோடு மையத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். எஞ்சிய திரவத்தில் புரதம் அளந்து பாருங்கள். அது குறைவாகவே இருந்தால் குற்றம் பிளாஸ்மாவில் இல்லை. அதே நேரத்தில் ஏறிய ஆன்டிபயாடிக், கையுறை லேட்டக்ஸ், பையில் கிருமி என்று வேறு பக்கம் தேட வேண்டும். அளவு அதிகமாக இருந்தால், அடியில் விட்ட மி.லி. எவ்வளவு என்று அன்றைய பதிவேட்டைத் திறந்து பாருங்கள். அந்த நோயாளியின் அடுத்த பைக்கு இன்னொரு சுழற்சி சேர்க்கும்படி அவருடைய பதிவிலேயே எழுதி வையுங்கள்.